எங்கள் வீட்டு மூன்றாவது ஆள்

ஜூன் 6, வியாழன்

டாக்டர் நஸ்ரின் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கும் டயரிக்குமான உறவு ரிட்டயர் ஆன அன்றே முடிந்துபோனது. நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளராக இருந்த காலமெல்லாம் எழுதினேன். எங்கே ஜல்லி இறங்கியது, எந்த அமைச்சர் வருகிறார் என்பதற்காக எந்தக் குழியை மூடினோம், எல்லாம் எழுதினேன். இப்போது எழுத வேண்டியது என் மனைவி சாந்தாமணியைப் பற்றி. "தினமும் வேண்டாம் சார். அம்மாகிட்ட ஏதாவது மாற்றம் தெரிஞ்சா ரெண்டு வரி எழுதி வைங்க, போதும்" என்றார் டாக்டர்.

எங்கள் ஊர் கோபியிலிருந்து கோயம்புத்தூர் போய் இன்று அவளுக்குத் தலையைப் படம் எடுத்தோம். கம்ப்யூட்டர் திரையில் சாந்தாமணியின் மூளை. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் நான் பார்க்காத ஓரிடத்தை இன்னொருவர் முன்னால் பார்க்கிறேன் என்று கூச்சமாக இருந்தது. நடுவில் இரண்டு கறுப்புப் பள்ளங்கள். அவற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள், இலவம்பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல.

"மேல மடிப்பு மடிப்பா இருக்கறது ஊருன்னு வச்சுக்கங்க சார். உள்ள இருக்கற வெண்பகுதி, ஊருக்கு ஊரு போற ரோடு. அம்மாவுக்கு ஊரெல்லாம் ஓரளவு நல்லாத்தான் இருக்கு. ரோடுதான் போயிருச்சு. இந்தத் திட்டெல்லாம் ரோடு போன இடம்."

என்னிடம் வந்து ரோட்டை உதாரணம் சொல்கிறார். "காண்ட்ராக்ட் எடுத்தது யாருங்க?" என்று கேட்டேன்.

"பி.பி.தான் சார். சின்னச் சின்ன ரத்தக் குழாய் எல்லாம் வருஷக்கணக்கா கெட்டுக்கிட்டே வந்திருக்கு" என்று சிரித்தார். சாந்தாமணியும் சிரித்தாள், நாங்கள் இருவரும் சிரித்து முடித்த பிறகு.

அவளுக்கு எல்லாம் தெரியுமாம். ஆனால் தானாக எதையும் தொடங்க மாட்டாளாம். நாம் தொடங்கி வைத்தால் மீதியைச் செய்துவிடுவாளாம். அதனால்தான் இந்த ஆறேழு மாதமாகப் பல்துலக்கும் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள். நான் திமிர் என்று நினைத்திருந்தேன்.

திரும்பும்போது பெருமாநல்லூரில் இடக்கைப் பக்கம் திரும்ப வேண்டும். புதிதாகப் பாலம் கட்டிப் பெயர்ப்பலகையை எங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். விஜயமங்கலம் டோல்கேட் வரை போய்விட்டோம். "எங்க வந்திருக்கறோம் சாந்தா?" என்று கேட்டேன்.

"பெருமாநல்லூரு தாண்டி நெம்ப நேரமாச்சுங் மாமா."

"அத அப்பவே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலீங்களே."

எழுதிவிட்டேன் டாக்டர். மாற்றம் ஒன்று.

ஜூன் 9, ஞாயிறு

எங்கள் ஒரே மகள் கோகிலவாணி பெங்களூரிலிருந்து போன் செய்தாள்.

"அம்மாவ இங்க கூட்டிட்டு வந்தர்றன்ப்பா. இல்லாட்டி நல்ல ஹோமா ஒண்ணு பாக்கறன். உங்களுக்கும் வயசாச்சுல்லீங்ப்பா."

"எனக்கென்ன கேடு கண்ணு? இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை முழுங்கினதில்ல. என்ற கை காலு நல்லா இருக்கற வரைக்கும் உங்கம்மா இந்த ஊட்ட உட்டு நகர மாட்டா."

"சேரிங்ப்பா. உங்களால முடியற வரைக்கும். முடியலைன்னு தெரிஞ்சா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவன். அப்பறம் நீங்க சண்டை போடக் கூடாது."

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. சாந்தாமணி பக்கத்தில்தான் இருந்தாள். போனை வைத்த பிறகு, "உன்னைய எங்கயும் உட மாட்டன்" என்றேன். தலையாட்டினாள். ஒரு வேளை அதற்கு முன்பிருந்தே ஆட்டிக்கொண்டிருந்தாளோ என்னவோ.

ஜூன் 12, புதன்

டாக்டர் சொன்ன வைத்தியத்தைக் கோலத்தில் சோதித்துப் பார்த்தேன். வாசல் தெளித்து அவளை நிறுத்திக் கோலமாவைக் கையில் கொடுத்தால் சிலைபோல நிற்கிறாள். நானே குனிந்து புள்ளி வைத்தேன். ரோட்டுக்கு வெள்ளைக் கோடு போட்டவனுக்குப் புள்ளி வைக்கத் தெரியாதா? கடைசிப் புள்ளி வைத்ததும் அவள் விரல் அசைந்தது. பிறகு கை தானாக ஓடியது, ஒரு பிசிறு இல்லை. எதிர்வீட்டு ராஜாமணி டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னங்ணா, கோலம் போடற வயசா உங்களுக்கு?" சிரிக்கட்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஜூன் 15, சனி

சாமான் அலமாரியில் பெருங்காய டப்பா மூன்று இருக்கின்றன, மூன்றும் பிரிக்காதவை. கடைக்குப் போகாதவள் எப்படி வாங்கிச் சேர்த்தாள் என்று தெரியவில்லை. பீரோவைத் திறந்தால் ஒரே வீச்சம். பட்டுச் சேலைகளுக்கு நடுவே பால் பாக்கெட் புளித்து, உப்பி, வெடிக்கக் காத்திருந்தது. கோபம் தலைக்கேறிவிட்டது.

"பால வெக்கற எடமாடி இது?"

"நானுங்களா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கத்தியிருக்கக் கூடாது. அது அவளில்லை, அந்த வெள்ளைத் திட்டு. சேலையைத் துவைக்கக் கூடாது என்பார்கள், உதறிக் கொடியில் போட்டிருக்கிறேன். கல்யாணச் சேலைதான் அதிகம் நனைந்திருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

இன்று எனக்கு ஒரு கௌரவம். டாக்டர் நஸ்ரின் ஓர் ஆராய்ச்சி செய்கிறார். நோயாளிகளின் மூளைப் படத்தோடு ஒப்பிட, அதே வயதில் நலமாக இருப்பவர்களின் படமும் தேவையாம். "பெரும்பாலும் கூட வர்ற வீட்டுக்காரரையே கேட்டுக்குவோம் சார். நீங்க வர்றீங்களா?" என்றார். நலமாக இருப்பவர் பட்டியலில் என் பெயர் ஏறிவிட்டது. மாமனார் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். ரோட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க யோசித்தவர் அவர்.

நர்ஸ் பெண் பி.பி. பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள், பிறகு வேறு மெஷின் கொண்டுவந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு மெஷினும் ஒழுங்காக இல்லை.

அதற்கப்புறம் பரீட்சை. கடிகாரம் வரையச் சொன்னார்கள். வரைந்தேன். ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசி, மறுபடி அந்தச் சொற்களைக் கேட்டார்கள். இதெல்லாம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைப்பது. மாம்பழம், ரயில், சட்டை. மற்றதை இங்கே எழுதத் தேவையில்லை.

அந்தக் குழாய் மெஷினுக்குள் படுத்தபோதுதான் ஒரு மாதிரியாக இருந்தது. ரோட்டை உடைக்கிற ட்ரில் போலச் சத்தம். இதற்குள் சாந்தாமணி பயப்படாமல் படுத்திருந்தாளே என்று நினைத்தேன். பயந்திருப்பாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜூன் 28, வெள்ளி

பெருங்காயம் தீர்ந்திருக்கும் என்று ஒன்று வாங்கி வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

இதை டாக்டருக்காக எழுதவில்லை. எனக்காக எழுதுகிறேன்.

காலையில் பின்கட்டுக் குழாய் முழுவதும் திறந்து கிடந்தது. மேல்தொட்டி காலி. நேற்று வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. முந்தாநாள் என் மூக்குக்கண்ணாடி அரிசிப் பானைக்குள். எல்லாவற்றுக்கும் அவளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் இன்று யோசித்துப் பார்த்தேன். நான் எழுந்திரு என்று சொல்லாமல் அவள் எழுந்திருப்பதில்லை. நட என்றால்தான் நடக்கிறாள், அதுவும் காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு. உட்கார வைத்த நாற்காலியில் உட்கார வைத்தபடியே இருப்பவள் குழாயைத் திறந்துவிட்டு எப்படித் திரும்பி வந்து உட்காருவாள்?

அவள் இல்லை. நானும் இல்லை.

அப்படியானால் இந்த வீட்டில் இன்னொருவர் இருக்கிறார். இப்படி எழுதிப் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. நான் பேய் பிசாசு நம்புகிறவன் அல்ல. புளியமரங்களை வெட்டி ரோடு போட்ட காலத்தில் எத்தனையோ கதை சொன்னார்கள், ஒன்றும் என்னிடம் வரவில்லை. இது பேய் இல்லை. பேய்க்குப் பால் பாக்கெட் எதற்கு?

ஜூலை 5, வெள்ளி

ஆள் சிக்கிவிட்டான். பாதி சிக்கினான் என்று சொல்ல வேண்டும்.

புதிதாக கான்கிரீட் போட்ட சாலையில் லாரிக்காரர்கள் தடுப்பை நகர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால் எல்லாரும் சாமி மேல் சத்தியம் செய்வார்கள். அதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு. தடுப்புக்கு முன்னால் பொடிமணலைச் சலித்துப் பரப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். காலையில் டயர்த் தடம் பேசும்.

மத்தியானம் சாப்பிட்டதும் சாந்தாமணியைப் படுக்க வைத்தேன். சமையலறை வாசலில் கோலமாவைச் சல்லடையில் சலித்துப் பரப்பினேன். கூடத்துச் சோபாவில் நானும் சாய்ந்தேன். கண்ணயர்ந்திருக்க வேண்டும். எழுந்து போய்ப் பார்த்தால், மாவில் தடம் பதிந்திருந்தது. போன தடமும் இருக்கிறது, வந்த தடமும் இருக்கிறது. உள்ளே போனவன் அடுப்பைத் திருகி விட்டிருக்கிறான், பற்ற வைக்கவில்லை. சமையலறை முழுக்க கேஸ் வாடை. அடுப்பை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்துவிட்டேன். பக்கத்து அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாந்தாமணியின் கால் என்றால் இரண்டு கோடு இழுத்ததுபோல் இருக்கும். இது தூக்கி வைத்து நடந்த கால். பழைய டேப்பை எடுத்து அளந்தேன். என் பாதத்தின் அளவேதான். வலது குதிகால் வெளிப்பக்கம் அழுந்துவதும் என்னைப் போலவேதான். ஏறக்குறைய என் உடல்வாகுள்ள ஆள்.

அவளை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். "பாத்தயா, நீயில்ல. இத்தன நாளா உன்னைய வீணா வஞ்சுட்டேன்" என்றேன். மாவைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். என் பாதத்திலும் மாவு ஒட்டியிருந்தது. அளக்கப் போனபோது ஒட்டியிருக்கும்.

துடைத்துவிட்டேன், தரையையும் காலையும்.

ஜூலை 11, வியாழன்

டாக்டர் நஸ்ரின் போன் செய்தார். மகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வாருங்கள் என்றார். எதற்கு என்றேன். நேரில் பேசலாம் என்றார். நான் இன்ஜினியர், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டைப் போனில் கேட்டே பழகியவன், சும்மா சொல்லுங்கள் என்றேன்.

"உங்க படத்துலயும் திட்டு இருக்கு சார். நிறையவே இருக்கு."

"என்ற சம்சாரத்துக்கு இருக்கற மாதிரியா?"

"அதை விடக் கொஞ்சம் கூட சார்."

"நான் நல்லாத்தானுங்களே இருக்கறன்?"

"அப்படித்தான் தெரியும் சார். வாழ்நாள் பூரா மூளைக்கு வேலை கொடுத்தவங்களுக்கு, ஒரு ரோடு போனா அது மாத்துப்பாதை போட்டு ஓட்டிக்கிட்டே இருக்கும். வெளியில தெரியாது. தெரிய ஆரம்பிச்சா வேகமாத் தெரியும். பயமுறுத்தணும்னு சொல்லல. மாத்திரை ஆரம்பிக்கணும். அதுவரைக்கும் கார் மட்டும் ஓட்ட வேண்டாம். ப்ளீஸ் சார்."

வேடிக்கைதான். நடந்தது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவள் பெயர் சாந்தாமணி சென்னியப்பன். என் பெயர் சென்னியப்பன். எவனோ அரைத்தூக்கத்தில் படத்தை மாற்றி வைத்துவிட்டான். ஆக, மோசமான படம் அவளுடையது. பாவம், நான் நினைத்ததை விட அவளுக்கு அதிகமாகத்தான் இருக்கிறது. இன்று அவளுக்கு நானே தலை வாரிவிட்டேன்.

மாற்றுப்பாதையைப் பற்றி டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. மாற்றுப்பாதை கனம் தாங்கப் போட்டதல்ல. வண்டி போகிறது போகிறது என்று விட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒருநாள் மழை பெய்யும், ஒரு கரும்பு லாரி வரும், அதோடு சரி. எச்சரிக்கைப் பலகை வைக்கக்கூட நேரம் இருக்காது.

கோகிலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ஜூலை 15, திங்கள்

பெருங்காயம் வாங்கினேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வெயில் ஆடி மாதம் மாதிரியே இல்லை, சித்திரை மாதிரி கொளுத்துகிறது. பாரியூர் அம்மனுக்குத் தேங்காய், பூ, எலுமிச்சை வாங்கக் கடைவீதிக்குப் போனேன். நல்ல கூட்டம். பழைய ஓவர்சியர் மாரப்பனைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன். நடப்பது உடம்புக்கு நல்லது.

வீட்டில் சாந்தாமணி இல்லை. முதலில் திக்கென்றது. பிறகு பார்த்தால் வாசலில் காரும் இல்லை. கோகிலா வந்து அம்மாவை எங்கேயோ கூட்டிப் போயிருக்கிறாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து கூட்டிப் போவது என்ன பழக்கம்? வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

பழக்க தோஷம், இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன். தயிர்சோறு சாப்பிட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. கொஞ்சம் படுத்து எழுந்தேன். இன்னும் வரவில்லை. வெளியே தார் உருகுகிற வெயில். இந்த வெயிலில் அவளை எங்கே கூட்டிக்கொண்டு அலைகிறாள்? அவளுக்குத் தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாதே. கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்று கோகிலாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

சட்டைப்பையில் கார்ச் சாவி இருக்கிறது.

போன் அடிக்கிறது. கோகிலாவாகத்தான் இருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

சாந்தாமணி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது.

கடைவீதியில் பூக்கடைக்காரம்மா பார்த்திருக்கிறாள். காருக்குள் ஒரு பெண் வேர்த்துக் கொட்டியபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஓடிப்போய்க் கதவை இழுத்தால், திறந்துகொண்டதாம். கதவு பூட்டியே இல்லை. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் கூட இருந்திருக்கிறது. யாருக்கம்மா போன் பண்ணணும், நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கோகிலாவின் நம்பரைத் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறாள். கேட்டால் எல்லாம் சொல்லுவாள்.

கோகிலா பெங்களூரிலிருந்து அன்று சாயங்காலம் பொழுதோடவே வந்து சேர்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, கதவத் தொறந்துட்டு எறங்கீருக்கலாமுல்ல?" என்று அழுதாள்.

"மாமா இருக்கச் சொன்னாங்க" என்றாள் சாந்தாமணி.

கோகிலா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

நான் அப்படிச் செய்வேனா? கல்யாணம் ஆனதிலிருந்து பஸ் ஸ்டாப்பில்கூட அவளை வெயில் பக்கம் நிற்க விட்டதில்லை. தார் போடுகிறவனுக்கு வெயிலின் அருமை தெரியும். இது அவன் வேலை. என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் சாவியை எடுத்துக்கொண்டு, என் பெண்டாட்டியை உட்கார வைத்து, "இங்கயே இரு, இப்ப வந்தர்றன்" என்று என் குரலிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பழகின குரல் என்று அவளும் நம்பியிருக்கிறாள்.

ஜூலை 26, வெள்ளி

கோகிலா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரிடம் போனோம். என் காரில் எனக்கு ஓரத்து சீட்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். மாறவில்லை சார், திரும்பவும் சரிபார்த்துவிட்டோம் என்றார். நான் பெயர் இருக்கிற இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். பெயரை மறைத்தால் நியாயம் தெரியும். ஒன்றில் திட்டுத் திட்டாக இருந்தது. மற்றதில் திட்டு எது, மீதி எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் சேர்ந்து வெள்ளையாகக் கிடந்தது. முதலாவது ஒட்டுப்போட்டால் தாங்கும். இரண்டாவதை நான் என்றால் அன்றே மூடிவிட்டு, குறுக்கே மண் கொட்டச் சொல்லியிருப்பேன்.

"இதுக்காரருக்கு நெம்ப முத்திப் போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"முழுசாத் திரும்பாது சார். பி.பி.யைக் கட்டுக்குள்ள வச்சா மேல மேல கெடாமப் பாத்துக்கலாம்."

"ஆளு நல்ல ஆளுதானுங்க" என்றேன். டாக்டர் என் கைமேல் கை வைத்தார். கோகிலா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வரும் வழியில் அவள்தான் பேசினாள். "ஒப்பந்தம் ஞாபகம் இருக்குதுங்ளாப்பா?"

இருக்கிறது என்றேன்.

"அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவன். உங்களுக்கு இங்கயே ஆள் வெக்கறன்."

"உங்கம்மாவுக்குப் புள்ளி வெக்க அங்க ஆரு இருக்கறா?"

அவளுக்குப் புரியவில்லை. பெருமாநல்லூரில் அவள் சரியாகத் திரும்பினாள்.

ஜூலை 29, திங்கள்

சாந்தாமணி வீட்டுக்கு வந்துவிட்டாள். காலையில் வாசலில் குனிந்து புள்ளி வைத்தேன். எத்தனை வரிசை என்பது நடுவில் மறந்துவிட்டது. அப்படியே நின்றேன். அவள் என் கையிலிருந்து மாவை வாங்கி, விட்ட இடத்திலிருந்து புள்ளி வைத்து முடித்து, கோலத்தையும் போட்டாள். கோகிலா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். உள்ளே போய் ஆபீசுக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் இங்கிருந்தே வேலை பார்ப்பதாகச் சொன்னாள். முழுநேரத்துக்கு ஓர் அம்மாளையும் ஏற்பாடு செய்யப் போகிறாளாம். அப்பா மாத்திரை போட வேண்டும், காரைத் தொடக் கூடாது, இரண்டுக்கும் சம்மதம் என்றால் இருவரும் சேர்ந்தே இங்கு இருக்கலாம். இல்லையென்றால் அம்மா பெங்களூருக்கு.

மாத்திரையை விழுங்கினேன். அவனுக்கு பி.பி. இருக்கிறதாம். அவன் நன்றாக இருந்தால்தான் வீடு நன்றாக இருக்கும்.

காரைத் தரமாட்டேன் என்று சண்டை போட்டேன். இந்த ஜில்லாவுக்கே ரோடு போட்டவன் நான். என்னை வண்டி ஓட்டாதே என்று சொல்ல இவள் யார்? சோற்றுத்தட்டைத் தள்ளிவிட்டேன். சாந்தாமணியின் மடியில் ரசம் சிந்திவிட்டது. அவள் துடைக்கவில்லை. யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

டாக்டர் நஸ்ரின் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என் மனைவி சாந்தாமணியைப் பற்றி. இன்று கோயம்புத்தூர் போய்ப் படம் எடுத்தோம்.

(முன்பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். இது ஏற்கெனவே எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையதைப் போலவே இருக்கிறது. மாவில் கால் பதித்தவன் என் டயரிக்குள்ளும் வந்துவிட்டான். ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தேன். பெருங்காயத்தைப் பற்றி மட்டும் எத்தனை தடவை. ஜூலை 19 வரைக்கும் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். மறுபடி திறந்து, அதை மட்டும் இன்னொரு முறை படித்தேன். தாகம் எடுத்தால் அவளுக்குக் கேட்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறான். சாவி சட்டைப்பையில் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறான். இரண்டையும் எழுதிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறான்.)

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. ஊரே கொடிவேரி அணைக்குப் போகிறது. கோகிலா எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிளறினாள். தாளிக்கப் பெருங்காயம் தேடிப்போய் அலமாரியைத் திறந்தவள், டப்பாக்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு சிரித்தாள். "இது நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும் வருங்ப்பா" என்றாள். நானும் சிரித்தேன். எதற்கென்று சரியாகத் தெரியாவிட்டாலும், அவள் சிரித்துப் பல நாள் ஆகிறது.

சாப்பிட்டு முடித்ததும் கார்ச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"என்னங்ப்பா திடீர்னு?"

"பத்தரமா வெச்சுக்க கண்ணு. நான் கேக்கறனேன்னு எடுத்துக் குடுத்தராத. அவன் வந்து கேப்பான். என்னைய மாதிரியே இருப்பான், என்ற மாதிரியே சத்தம் போடுவான், தட்டத் தள்ளி உடுவான். குடுக்காத. உங்கம்மாவ ஒருக்கா வெயில்ல உட்டவன் மறுக்காவும் உடுவான். எனக்கு அவனத் தெரியும்."

அவள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் தோளில் முகத்தை வைத்தாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று இப்படித்தான் வைத்துக்கொள்வாள்.

பிறகு சாந்தாமணியிடம் போனேன். நாற்காலியில் இருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேணுங் என்றாள். குடித்ததும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"சாந்தா, இந்த ஊட்ல இன்னொருத்தன் இருக்கறான். அவன் வந்து கார்ல ஏறுன்னு கூப்பிட்டா ஏறாத. எங்கயாச்சும் இருன்னு சொன்னா இருக்காத. எந்திரிச்சு வந்தரு. என்ன?"

தலையாட்டுவாள் என்று நினைத்தேன். ஆட்டவில்லை. ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாள். உதட்டுப் புண் ஆறிக் கறுத்திருந்தது.

டாக்டர் கேட்ட மாற்றத்தை இங்கே எழுதி வைக்கிறேன். இன்று சாந்தாமணி, யாரும் கேட்காமல், யாரும் தொடங்கி வைக்காமல், தானாக வாயைத் திறந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"கூப்படறது நீங்களா இருந்தா என்னங் மாமா பண்றது?"

நானாகவே இருந்தாலும் ஏறாதே என்று சொன்னேன்.